ரிப்போர்ட்டின் கடைசி வரி

நேயர்களுக்கு வணக்கம். நான் ஸ்கேன் படம் பார்த்து ரிப்போர்ட் எழுதுகிற டாக்டர்.

காது மடலுக்குக் கீழே, தாடை எலும்பு திரும்புகிற முனையில் விரலை வைத்துப் பாருங்கள். சின்ன வயதில் புட்டாளம்மை, அதாவது பொன்னுக்கு வீங்கி வந்து, ஆச்சி உங்கள் கழுத்தில் தங்கச் சங்கிலியைப் போட்டுவிட்டாளே, அப்போது வீங்கிய இடம் அதுதான். அங்கே இருப்பது பரோடிட், உமிழ்நீர்ச் சுரப்பிகளிலேயே பெரியது.

முக்கூடல் பக்கத்து அண்ணாச்சி ஒருவர், அறுபது தாண்டியவர், கழுத்து வலிக்கு எம்.ஆர்.ஐ. எடுக்க வந்தார். எலும்பில் தேய்மானம், அந்த வயதுக்கு உள்ளதுதான், ஆனால் படத்தின் ஓரத்தில் இடது பரோடிட்டின் அடிப்பகுதியில் ஒன்றரை சென்டிமீட்டரில் ஒரு கட்டி தெரிந்தது, அதை ரிப்போர்ட்டில் கடைசி வரியாக எழுதி அனுப்பினேன். ஆறு மாதம் கழித்து வேறு எதற்கோ வந்தவரிடம் விசாரித்தால், "கழுத்துக்கு மாத்திரை தந்தாவ டாக்டரம்மா, கட்டின்னு ஒருத்தரும் சொல்லலியே" என்கிறார். அன்றைக்கு எனக்கு மனசே ஆறவில்லை. இப்போதெல்லாம் அப்படி ஒன்று கண்ணில் பட்டால் நானே போன் போட்டுச் சொல்லிவிடுகிறேன்.

கட்டி என்றதும் புற்றுநோய் என்று பயப்பட வேண்டாம். பரோடிட்டில் வரும் கட்டிகளில் ஏறக்குறைய பத்துக்கு எட்டு சாதாரணக் கட்டிதான், சில நேரம் அது கட்டியே இல்லை, அந்தச் சுரப்பிக்குள்ளேயே இயல்பாக இருக்கிற நிணநீர் முடிச்சாக இருக்கும். தாடைக்கு அடியில் உள்ள சுரப்பியிலோ மேலண்ணத்திலோ வந்தால் புற்றாக இருக்கும் வாய்ப்பு அதிகம்.

சாதாரணக் கட்டி என்றாலும் ரிப்போர்ட்டை மடித்து பீரோவில் வைத்துவிடக் கூடாது. அதிகம் காணப்படுகிற பிளியோமார்பிக் அடினோமா பல வருஷம் கிடந்தால் புற்றாக மாறலாம் என்பதால் பெரும்பாலும் எடுத்துவிடச் சொல்வோம். அடுத்தது வார்தின் கட்டி. பீடி, சிகரெட் குடிப்பவர்களுக்குத்தான் பெரும்பாலும் வரும், இரண்டு பக்கமும்கூட வரும், புற்றாவது மிக அபூர்வம். இதில் ஒரு சங்கடம் இருக்கிறது. புற்று எங்கெல்லாம் இருக்கிறது என்று தேட எடுக்கிற பெட் ஸ்கேனில் சர்க்கரையை நிறைய உறிஞ்சும் இடம் பளிச்சென்று தெரியும், புற்றைப் போலவே வார்தின் கட்டியும் அப்படித்தான் தெரியும், அதனால் நுரையீரல் புற்றுக்காகப் படம் எடுத்த வீட்டில் 'காதோரத்துக்கும் பரவிடுச்சு' என்று அழுகை கிளம்பிவிடுகிறது. ஊசி வைத்துப் பார்க்காமல் அப்படி முடிவு கட்டக் கூடாது.

சரி, என்ன செய்வது? முதலில் காது மூக்கு தொண்டை டாக்டரிடம் போங்கள், பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரியிலும் அந்தப் பிரிவு இருக்கிறது. அல்ட்ராசவுண்ட் பார்த்துக்கொண்டே மெல்லிய ஊசியால் கொஞ்சம் செல்லை எடுத்துப் பரிசோதிப்பார்கள். ஊசி குத்தினால் கட்டி பரவும் என்று சொல்லி நிறையப் பேர் இந்த இடத்திலேயே நின்றுவிடுகிறார்கள், அந்த மெல்லிய ஊசிக்கு அப்படியெல்லாம் பயப்பட வேண்டியதில்லை. ஆனால் 'சின்னதுதானே' என்று எங்கேயாவது மேலாகக் கீறி எடுப்பது ஆபத்து, கட்டி சிதறினால் பல துளிகளாகத் திரும்ப வளரும். அதோடு முக நரம்பு இந்தச் சுரப்பிக்குள்தான் கிளை பிரிகிறது. அது அடிபட்டால் கண் மூடாது, வாய் கோணும். இந்த ஆபரேஷனில் கை பழகியவரிடம்தான் போக வேண்டும்.

கட்டியோடு முகம் ஒரு பக்கம் தளர்ந்தாலோ, வலித்தாலோ, கட்டி மளமளவென வளர்ந்தாலோ, கழுத்தில் நெறி கட்டினாலோ ஒரு வாரம்கூடத் தள்ளிப்போடாதீர்கள்.

அண்ணாச்சிக்கு ஊசியில் வார்தின் கட்டி என்று வந்தது. ஆபரேஷன் வேண்டாம், பார்த்துக்கொள்ளலாம் என்று டாக்டர் சொல்ல, பீடியை விட்டுவிட்டார். வருஷத்துக்கு ஒரு தடவை பழைய படங்களை மஞ்சப்பையில் போட்டுக்கொண்டு அல்ட்ராசவுண்டுக்கு வருவார். போன மாதமும் வந்தார். அதே ஒன்றரை சென்டிமீட்டர்.