கல்யாணத்துக்குப் பதிலா ஒரு வேலை

வணக்கம். ரேடியோல எதைப் பத்திப் பேசப் போறன்னு வீட்ல கேட்டாங்க. இருநூறு வருஷத்துக்கு முன்னாடி இங்கிலாந்துல எழுதின ஜேன் ஆஸ்டினம்மாவோட நாவலையெல்லாம் இந்தக் காலத்துக்கு மாத்தி எழுதுறாங்க, படமா எடுக்குறாங்கல்ல, அதைப் பத்தின்னேன். "அதான் கதை தெரியுமே, அதையே எத்தனை தடவை பாப்ப?"ன்னாங்க. வள்ளி திருமணம் நாடகத்துக்குப் போறவங்க மட்டும் என்ன, கடைசில முருகன் வள்ளியைக் கட்டிப்பாருன்னு தெரியாமயா போறாங்க? நாரதரும் வள்ளியும் இன்னைக்கு எப்படி தர்க்கம் பண்றாங்கன்னு கேக்கத்தானே விடிய விடிய உக்காந்திருக்காங்க. நானும் அந்த ஜாதிதான்.

இங்கிலாந்துல 1811ல இருந்து 1820 வரைக்கும் ராஜாவுக்கு புத்தி சரியில்லாம அவரு பையன் பொறுப்பை ஏத்து நடத்தினாரு, அதைத்தான் ரீஜென்சி காலம்ங்கறாங்க. ஆஸ்டினோட முக்கியமான ஆறு நாவலும் 1811க்கும் 1817க்கும் நடுவுல வந்ததுதான். மேலோட்டமா பாத்தா டான்ஸு, டீ பார்ட்டி, கடிதாசு. உள்ள போனா முழுக்க காசு கணக்கு. பிரைட் அண்ட் பிரெஜுடிஸ் நாவல்ல கதாநாயகன் டார்சிக்கு வருஷம் 10,000 பவுண்டு வருமானம், கதாநாயகி எலிசபெத்தோட அப்பா பென்னெட்டுக்கு 2,000. அவருக்கு அஞ்சும் பொண்ணு, சொத்தோ ஆம்பளை வாரிசுக்குத்தான், அதனால அவரு கண்ணை மூடினா வீடு, நிலம் எல்லாம் காலின்ஸ்னு ஒரு தூரத்துச் சொந்தக்காரருக்குப் போயிரும். அந்தக் காலின்ஸ் வந்து பொண்ணு கேக்கும்போது எலிசபெத் முடியாதுங்கறா பாருங்க, அது வெறும் மாப்பிள்ளை புடிக்கலங்கற விஷயம் இல்ல, அம்மா, அக்கா தங்கச்சி எல்லாரும் நாளைக்கு இருக்கப் போற கூரையையும் சேத்து வேணாங்கறா.

இப்போ இதை இந்தக் காலத்துக்கு எப்படிக் கொண்டு வர்றது? படிச்ச பொண்ணு, நாளைக்கே வேலைக்குப் போகலாம், புடிக்காதவனை வேணாம்னா யாரு என்ன பண்ண முடியும்? மாத்தி எழுதுற பாதிப் பேரு இங்கதான் சறுக்குறாங்க. டார்சியை பெரிய கம்பெனி முதலாளி ஆக்கி கோட்டு சூட்டு மாட்டிவிட்டா முடிஞ்சுதுன்னு நினைச்சுக்குறாங்க. எனக்கு அந்த மாதிரி புக்கு அம்பது பக்கம் தாண்டாது.

2012ல யூடியூப்ல த லிஸி பென்னெட் டைரீஸ்னு ஒரு சீரிஸ் வந்துச்சு, குட்டிக் குட்டியா நூறு எபிசோடு, லிஸி, அதான் நம்ம எலிசபெத், தன்னோட ரூம்ல உக்காந்து கேமராவைப் பாத்துப் பேசுறது. மேல்படிப்பு படிச்சுட்டிருக்கா, தலைக்கு மேல படிப்புக் கடன். அதுல காலின்ஸ் வந்து உருகி உருகி பேசுறான், நாமளும் கல்யாணம்தான் கேக்கப் போறான்னு பாத்தா, அவன் கேக்கறது கல்யாணம் இல்லைங்க, என் கம்பெனில வந்து வேலைக்குச் சேருங்கறான்! இவ மாட்டேங்கறா, உடனே இவளோட உயிர்த்தோழி ஷார்லட் படிப்பைப் பாதில விட்டுட்டு அந்த வேலையை வாங்கிக்குறா. நாவல்ல 27 வயசு ஷார்லட், ஒரு வீடு கிடைச்சா போதும்னு காலின்ஸைக் கட்டிக்குறா, எலிசபெத்துக்குத் தாங்கல. இருநூறு வருஷம் கழிச்சும் அதே ரெண்டு பேருக்கு நடுவுல அதே மனஸ்தாபம். அந்த எடத்துல நான் தனியா உக்காந்து கை தட்டினேன்.

1995ல வந்த க்ளூலெஸ் படம் ஆஸ்டினோட எம்மா நாவல்தான், ஆனா அமெரிக்காவுல பணக்காரங்க இருக்கற பெவர்லி ஹில்ஸ் ஸ்கூல் பசங்க கதை. நாவல்ல எம்மா தன் தோழியைப் படமா வரைவா, எல்டன்னு ஒருத்தரு அதை ஃப்ரேம் போட லண்டனுக்கே தூக்கிட்டுப் போவாரு, அவருக்குத் தோழி மேலதான் ஆசைன்னு எம்மா தப்புக்கணக்கு போடுவா. படத்துல எம்மா எடத்துல இருக்கற பொண்ணு தோழியை எடுத்த ஒரு போட்டோ, எல்டன் அதை லாக்கர்ல ஒட்டி வச்சிருப்பான். அவனுக்குப் பிடிச்சது போட்டோல இருக்கவளை இல்ல, எடுத்தவளை. நாவல்ல குதிரை வண்டிக்குள்ள வச்சு காதலைச் சொல்வாரு, இங்க காருக்குள்ள.

நம்ம ஊருக்கு வந்தா 2000ல ராஜீவ் மேனன் எடுத்த கண்டுகொண்டேன் கண்டுகொண்டேன். அது சென்ஸ் அண்ட் சென்சிபிலிட்டிதான், ஆனா தெரியாமலே ரசிச்சவங்க நிறைய பேரு. நாவல்ல மரியான்ங்கற பொண்ணு காதலிச்ச வில்லபி, கையில காசு இல்லாம அவளை விட்டுட்டு 50,000 பவுண்டு வச்சிருக்கற பொண்ணைத் தேடிப் போவான். இங்க அப்பாஸோட ஃபைனான்ஸ் கம்பெனி மூழ்குது, மந்திரி பொண்ணைக் கட்டிக்கச் சம்மதிக்கிறாரு. தொண்ணூறுகள்ல ஃபைனான்ஸ் கம்பெனில பணம் போட்டு ஏமாந்த ஊருக்கு இதை வெளக்கணுமா என்ன? அப்புறம், நாவல்ல மரியான் ஈரப்புல்லுல நடந்து காய்ச்சல்ல படுப்பா. இங்க ஐஸ்வர்யா ராய் மழைல மூடி இல்லாத சாக்கடைக் குழிக்குள்ள விழுறாங்க. சென்னைக்கு ஈரப்புல்லு எதுக்கு, அதான் குழி இருக்கே!

காலத்தை மாத்தாம பாக்குற ஆளை மட்டும் மாத்தினதும் ஒண்ணு இருக்கு, ஜோ பேக்கர் 2013ல எழுதின லாங்போர்ன். பென்னெட் வீட்டு வேலைக்காரங்க கதை. எலிசபெத் உடம்பு சரியில்லாத அக்காவைப் பாக்க மூணு மைல் சேத்துல நடந்து போவால்ல, உள்பாவாடைல ஆறு இஞ்சுக்கு சேறுன்னு அக்கா தங்கியிருக்கற வீட்டுப் பொம்பளைங்க கேலி பண்ணுவாங்க, நாம "என்ன தைரியம்டா இந்தப் பொண்ணுக்கு"ன்னு ரசிச்சிருப்போம். லாங்போர்ன்ல அந்தப் பாவாடைங்களைத் துவைக்கிறவ சாரா. குளிர்ல கை வெடிச்சுப் போயி, இவங்க துணியை இவங்களே துவைச்சா இப்படி சேத்துல நடப்பாங்களான்னு நினைச்சுக்குறா. அதுக்கப்புறம் நான் மூல நாவலை எடுத்து அந்தச் சேத்துல நடக்கற பக்கத்துக்கு வரும்போதெல்லாம், எலிசபெத்தை விட்டுட்டு சாரா எங்க இருக்கான்னுதான் தேடுறேன்.