செவுளைத் தூக்கிக் காட்டுங்க!

(பாம்பனில் நடந்த பட்டிமன்றம். தலைப்பு: தொடக்கப்பள்ளியில் பிள்ளையின் படிப்பை மதிப்பிட வேண்டியது ஆசிரியர் மட்டுமா, பிள்ளையுமா? ‘பிள்ளையும்தான்’ அணியின் பேச்சு.)

நடுவர் அவர்களே, எதிரணி அண்ணன்களே, கொசுக்கடியையும் பொறுத்துக்கிட்டு உக்காந்திருக்கிற பாம்பன் தாய்மார்களே, வணக்கம். நடுவர் இப்பவே மணியில கைய வச்சுட்டார். நேரா விஷயத்துக்கு வர்றேன்.

எதிரணித் தலைவர் என்ன கேட்டுட்டுப் போனார்? “மீன் விக்கிற அம்மா தன் மீனு நாறுதுன்னு தானே சொல்லுமா? பிள்ளை கையில நோட்டைக் குடுத்து நீயே பார்த்துக்கன்னா, நூத்துக்கு நூத்தியஞ்சு போட்டுக்கிருவான்”னார். நீங்களும் கைதட்டுனீங்க. அண்ணே, இதை நீங்க மதுரையில சொல்லியிருந்தா தப்பிச்சிருப்பீங்க. பாம்பனுக்கு வந்து மீனைப் பத்திப் பேசலாமா?

இங்க மீன் விக்கிற அக்கா, நீங்க கேக்குறதுக்கு முன்னாடியே செவுளைத் தூக்கிக் காட்டும். “பாருய்யா, ரத்தமா இருக்கு.” அடுத்து கண்ணு. உள்ள போகாம, தெளிவா முழிச்சுக்கிட்டு இருக்கணும். அப்புறம் உடம்புல விரலை அமுக்கும். விழுந்த குழி உடனே மேல எந்திரிக்கணும். மூணே மூணு அடையாளம். அதுக்கும் முன்னாடி, விடியக்காலையில கூடையில அள்ளும்போதே பிரிச்சாச்சு: இது இன்னைக்கே வித்தாகணும், இது ஐஸ் பெட்டிக்கு, இது கருவாட்டுக்கு. பிரிச்சது அதிகாரியா? அந்த அக்காவேதான். தப்பாப் பிரிச்சா நட்டம் அதுக்குத்தான்.

சரி, பொய்யே சொல்லாதா? சொல்லும் அண்ணே. விலை பேசும்போது சொல்லும். சூட்சுமமே அங்கதான் இருக்கு. பிள்ளை சொல்ற பதிலுக்கு மதிப்பெண்ணுன்னு ஒரு விலை கட்டினா, பிள்ளையும் பொய் சொல்லும். ஒத்துக்கிறேன். அதனால நாங்க பிள்ளையை மதிப்பெண் போடச் சொல்லவே இல்லை. செவுளைத் தூக்கிக் காட்டச் சொல்றோம்.

எப்படி? மூணாம் வகுப்புல ‘எங்க ஊர்க் கடற்கரை’ன்னு அஞ்சு வரி எழுதணும்னு வைங்க. முதல்ல ரெண்டு மாதிரியைப் பலகையில எழுதிப் போடுங்க. ஒண்ணு நல்லது, ஒண்ணு சுமார். ரெண்டும் நீங்களே எழுதுனதா இருக்கட்டும். அந்த வகுப்புப் பிள்ளை எழுதுனதைப் போட்டா யாருதுன்னு கண்டுபிடிச்சு மானத்தை வாங்கிருவாங்க. எது நல்லாருக்கு, ஏன் நல்லாருக்குன்னு கேட்டு, பிள்ளைக சொல்ற வார்த்தையிலேயே மூணு அடையாளம் எழுதுங்க. கண்ணால பார்த்தது ஒண்ணாவது இருக்கா? புள்ளி வைக்க வேண்டிய எழுத்துக்குப் புள்ளி இருக்கா? வரி முடிஞ்ச இடத்துல முற்றுப்புள்ளி இருக்கா? மூணோட நிறுத்திக்கங்க, ஏழு எழுதுனா டீச்சருக்கே மறந்துரும். எழுதி முடிச்ச பிள்ளை விரல் வச்சு வாசிச்சு, அடையாளம் இருக்கிற இடத்துல கலர் பென்சிலால கோடு போடணும். கோடு போட இடமே கிடைக்கலையா? அதுதான் பதில். அப்புறம் திருத்துறதுக்கு அஞ்சு நிமிஷம். அதைக் குடுக்காம நோட்டை வாங்கி அடுக்கிட்டா, அத்தனையும் வீண்.

கெட்டுப்போற இடத்தையும் மறைக்க மாட்டேன். “புரிஞ்சுதா?”ன்னு கேட்டா “புரிஞ்சுது டீச்சர்ர்ர்”னு வர்றது பதில் இல்லை, பாட்டு. கை தூக்கச் சொன்னா பக்கத்துல இருக்கிறவனைப் பார்த்துத் தூக்கும். அதான் பச்சை, மஞ்சள், சிவப்புன்னு ஆளுக்கு மூணு அட்டை. புரிஞ்சா பச்சை, சந்தேகம்னா மஞ்சள், புரியலைன்னா சிவப்பு. சிவப்பு வச்ச பிள்ளையை ஒரே ஒரு நாள் “இவ்வளவு நேரம் தொண்டை கிழியக் கத்துனேனே”ன்னு திட்டிப் பாருங்க. மறுநாள் முப்பது அட்டையும் பச்சை. சிக்னல் பூரா பச்சை, வண்டி மட்டும் நகராது.

ஒண்ணாப்பு, ரெண்டாப்புல ஆசையும் திறமையும் ஒண்ணாத் தெரியுற வயசு. “நீந்தத் தெரியுமா?”ன்னு கேட்டா “இலங்கை வரைக்கும் தெரியும்”னு சொல்லும். அங்க “தெரியுமா?”ன்னு கேக்காதீங்க. “செஞ்சு காட்டு”ன்னு சொல்லுங்க. டீச்சர் தினம் அஞ்சு நோட்டாவது எடுத்து, பிள்ளை சொன்னதும் தான் பார்த்ததும் ஒத்துப்போகுதான்னு பார்க்கணும். ஆசிரியர் வேண்டாம்னு நாங்க எப்போ சொன்னோம்?

இப்போ ஒரு பையன் கதை. மூணாம் வகுப்பு. பலகையில 52-லருந்து 27-ஐக் கழிக்கணும். நம்மாளு டக்குனு 35-ன்னு போட்டு, பச்சை அட்டையை முன்னாடி வச்சுட்டுக் கையக் கட்டிக்கிட்டான். எப்படி 35? ரெண்டுலருந்து ஏழு போகாது. ஏழுலருந்து ரெண்டு போகுமே! அஞ்சு. அஞ்சுல ரெண்டு போனா மூணு. முப்பத்தஞ்சு. நியாயஸ்தன், எப்பவும் பெருசுலருந்துதான் எடுப்பான்.

டீச்சர் தப்புன்னு சொல்லல. “உன் விடையோட 27-ஐக் கூட்டு, 52 வருதா பாரு”ன்னாங்க. கூட்டுனான். 62. இங்க கொஞ்சம் நில்லுங்க, அந்த மூஞ்சியைப் பாருங்க. நோட்டைப் பார்க்கிறான், 62. பலகையைப் பார்க்கிறான், 52. “டீச்சர், நீங்க பலகையில சரியா எழுதுனீங்களா?” முதல் சந்தேகம் டீச்சர் மேல! விரல் விட்டு எண்ணுனான், விரல் பத்தல. பக்கத்துப் பையன் விரலையும் வாங்கி எண்ணுனான். அப்பவும் 62. மெதுவா கை போகுது. பச்சையை எடுத்தான், மஞ்சளை வச்சான். “டீச்சர், பத்து கூட வருது. கடன் வாங்காமலே கழிச்சுட்டேன்.”

இதே கதையை எதிரணி முறையில சொல்லவா? 35. சிவப்பு மையில ஒரு பெருக்கல் குறி. பையன் பக்கத்தைத் திருப்பிட்டான். கதை முடிஞ்சுது. மறுநாள் 63-லருந்து 28 போனா 45-ன்னு போடுவான். அதே தப்பு, வேற சட்டை.

அரசாங்கத்தோட ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்துல பிள்ளைகளை, கத்துக்கிட்ட அளவைப் பார்த்து அரும்பு, மொட்டு, மலர்னு பிரிச்சாச்சே, போதாதான்னு கேட்டார் இன்னொரு அண்ணன். நல்ல திட்டம். ஆனா மொட்டுக்குத் தான் ஏன் மொட்டுன்னு தெரியுமா? பிள்ளை தானே செஞ்சு படிக்கிற செயல்வழிக் கற்றல் 2007-ல தமிழ்நாடு பூராப் பரவுனப்போ, பாடத்தைப் படிப்படியா அடுக்கின ஏணிப்படி அட்டை சுவத்துல தொங்குச்சே, அதுல தான் எந்தப் படியில நிக்கிறோம்னு பிள்ளையே பார்த்துச்சே! நாங்க ஒண்ணும் புதுசாக் கேக்கல.

மணி அடிச்சுட்டீங்க நடுவரே. ஒரு நிமிஷம். அந்தப் பையன் வீட்டுக்குப் போயிட்டு வந்துருவோம்.

அப்பா கடலுக்குப் போயாச்சு. அம்மா கடல்ல பாசி எடுத்துட்டு அப்பத்தான் வந்திருக்கு. விரல்ல சுத்துன துணியை இன்னும் அவுக்கல. நோட்டைப் பார்க்க அந்த வீட்டுல யாரு இருக்கா? “இன்னைக்கு என்னடா படிச்ச?” “கடன் வாங்காம கழிச்சுட்டேன்மா, தப்பாப் போச்சு.” அம்மா சிரிக்குது. “நம்ம வீட்டுல அதுவாவது கடன் வாங்காமக் கழியட்டும்டா.”

“இல்லம்மா, வாங்கணும்மா”ன்னு பையன் சிப்பியை எடுத்துப் பரப்புறான். பத்துப் பத்தா அஞ்சு குவியல், தனியா ரெண்டு. ஒரு குவியலைக் கலைச்சு அந்த ரெண்டோட சேர்க்கிறான், பன்னெண்டு. அதுல ஏழை எடுக்கிறான். மிச்சம் இருக்கிற நாலு குவியல்ல ரெண்டை எடுக்கிறான். அம்மா துணி சுத்துன விரலால ஒவ்வொண்ணா எண்ணுது. இருபத்தஞ்சு.

வணக்கம்.