பாரிசவாதத்தின் பின் தோளில் தங்கும் நோவு

நேயர்களுக்கு என் அன்பான வணக்கம்.

பாரிசவாதம் (பக்கவாதம்) வந்த ஒருவரை வைத்தியசாலையிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்து ஓரிரு மாதங்கள் சென்றபின், "கை இன்னும் எழவில்லை, ஆனால் தோள் இரவெல்லாம் குத்துகிறது" என்று சொல்லிக்கொண்டு உறவினர் சித்த வைத்தியரைத் தேடி வருவது மட்டக்களப்பின் எழுவான்கரையிலும் படுவான்கரையிலும் வழமையான காட்சியாகும். பெரும்பாலும் அவர்களின் கையில் ஓர் எண்ணெய்ப் போத்தல் இருக்கும்; அதை எப்படிப் பூசுவது என்பதே அவர்களுடைய கேள்வியாகவும் இருக்கும். நான் திருப்பிக் கேட்பது வேறொன்று: நோயாளியைக் கட்டிலிலிருந்து எழுப்பும்போது எங்கே பிடித்துத் தூக்குகிறீர்கள்?

தோள்மூட்டு நம் உடலில் மிகவும் தாராளமாக அசையும் மூட்டு. வாவியில் வீச்சுவலை எறிபவரின் கை ஒரு வட்டமே போட்டுத் திரும்புவது அதனால்தான். ஆனால் அந்தத் தாராளத்துக்கு ஒரு விலை உண்டு. மேற்கை எலும்பின் உருண்டைத் தலை பெரிது, அது பொருந்தியிருக்கும் குழியோ ஆழமற்றது; ஆகவே சுற்றியுள்ள தசைகளும் நார்களுமே மூட்டைப் பிடித்து நிறுத்துகின்றன. பாரிசவாதத்தில் அந்தத் தசைகள் சோர்ந்துவிடும்போது, கையின் பாரமே எலும்பைக் கீழ்நோக்கி இழுக்கிறது. தோளின் முனைக்குக் கீழே விரல் வைத்துப் பார்த்தால், சிலருக்கு ஒரு பள்ளம் தட்டுப்படும். அந்த நிலையில், பாசத்தோடுதான் என்றாலும், கமக்கட்டுக்குள் கையைக் கொடுத்தோ மணிக்கட்டைப் பிடித்தோ ஒருவர் இழுத்துத் தூக்கினால், ஏற்கனவே நெகிழ்ந்த நார்கள் மேலும் காயப்படுகின்றன. நான் பார்த்த தோள் நோவுகளில் பல இப்படித் தொடங்கியவை என்றே நினைக்கிறேன்.

நம் மரபு இதை எவ்வாறு நோக்குகிறது? வாத நோய்களை 80 என எண்ணும் சித்த மருத்துவத்தில், தோளையும் கையையும் பற்றும் நோவு கும்பவாதம் எனப்படுகிறது. உறுப்புகளை நீட்டவும் மடக்கவும் செய்யும் வியானவாயு தன் நிலை பிறழ்வதே கை செயலிழப்பதற்குக் காரணம் என்றும் கொள்கிறோம். ஆயுர்வேத நூல்கள் தோள் நோயில் இரண்டு கட்டங்களைப் பிரித்துச் சொல்கின்றன: தோளைக் கட்டி வைத்திருக்கும் பிணைப்பு முதலில் வற்றித் தளர்கிறது; பின்னர் கையின் நரம்புகள் சுருங்கி அசைவு குன்றுகிறது. பாரிசவாதத்தை மனதில் வைத்து எழுதப்பட்ட வரிகளல்ல அவை. ஆயினும், தொடக்கத்தில் தளர்ந்து தொங்கும் தோள் சில வாரங்களில் அல்லது மாதங்களில் இறுகி, கை மார்போடு ஒட்டி உட்பக்கம் திரும்பிக்கொள்வதைப் பார்த்தவர்களுக்கு, அந்தப் பிரிப்பு எவ்வளவு நுட்பமானது என்பது புரியும். வைத்தியமும் கட்டத்துக்கு ஏற்ப மாறவேண்டும். தளர்ந்த தோளையும் இறுகிய தோளையும் ஒரே விதமாக உருவுவதுதான் பிழை.

தளர்ந்த தோளுக்கு முதல் மருந்து தாங்கல். கதிரையில் இருக்கும்போது முழங்கையும் முன்கையும் தலையணை மேலோ மடித்த சாரத்தின் மேலோ இருக்கட்டும். படுக்கும்போது கை தொங்கக்கூடாது. நடக்கும்போது கையை எவ்வாறு தாங்குவது என்று இயன்மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். சிற்றாமுட்டித் தைலமோ உளுந்து சேர்ந்த தைலமோ இளஞ்சூடாக்கி, தோளிலிருந்து விரல்கள் வரை மெதுவாகத் தடவலாம். தொக்கணம் எனும் சித்த மருத்துவ உருவல் முறையில் முறுக்கலும் இழுத்தலும் உண்டு என்றாலும் இந்தத் தோளுக்கு அவை ஆகாது. எந்தத் தைலமும் மூளையில் ஏற்பட்ட சேதத்தை மாற்றும் என்று நான் சொல்லமாட்டேன். தசை இளகவும், நோவு தணியவும், அசைத்துப் பார்க்க நோயாளிக்குத் துணிவு வரவும் அது உதவும். நாளாந்தம் ஒரு மகளோ மருமகனோ அருகில் அமர்ந்து அந்தக் கையைத் தொடுவதற்கு ஒரு காரணமாகவும் அமையும்.

இறுகிய கட்டத்தில் ஒற்றடம் நல்ல பயன் தரும். நொச்சி இலையும் ஆமணக்கிலையும் வதக்கித் துணியில் முடிந்து ஒற்றி, தசை இளகியதும் நோவின் எல்லைக்குள் கையை அசைத்துக் கொடுக்கலாம். இங்கே ஓர் ஆபத்து இருக்கிறது. வாதம் பிடித்த பக்கத்தில் சூடு தெரியாமல் போயிருக்கலாம்; நோயாளி "சுடவில்லை" என்று சொல்வதை நம்பி ஒற்றியதால் தோல் கொப்பளித்துப்போன கையை நான் கண்டிருக்கிறேன். ஒற்றடம் கொடுப்பவர் தன் கையின் உட்புறத்தில் வைத்துப் பார்த்த பிறகே நோயாளியின் தோளில் வைக்கவேண்டும். கூரை வளையில் கயிறு போட்டு, நல்ல கையால் இழுத்து வாதக்கையை மேலே தூக்கும் பயிற்சியையும் சில வீடுகளில் காண்கிறோம். அது வேண்டாம், தோள்பட்டை எலும்பு கூடவே சுழலாத நிலையில் கையை மட்டும் உயர்த்தினால், இடையில் உள்ள நார்கள் நசுங்கி நோவு கூடும்.

தோள் நோவோடு புறங்கையும் விரல்களும் வீங்கி, நிறம் மாறி, தொட்டாலே துடிக்கும் நிலை வந்தால், எண்ணெயை நிறுத்திவிட்டு வைத்தியசாலைக்குப் போகவேண்டும். விழுந்த பின் வந்த நோவுக்கும் அதுவே வழி.

உள்மருந்து பற்றி ஒரு வார்த்தை. பாரிசவாதம் கண்ட பலர் இரத்தம் உறையாதிருக்க மாத்திரை எடுப்பவர்கள். அவர்களுக்கு அழுத்தித் தேய்த்தால் தசைக்குள் இரத்தம் கசிந்து கன்றிப்போகும். சில மூலிகைகளும் அந்த மாத்திரையின் வேகத்தைக் கூட்டவோ குறைக்கவோ செய்யும். இலங்கையின் 1961 ஆம் ஆண்டின் 31 ஆம் இலக்க ஆயுர்வேதச் சட்டத்தின் கீழ் சித்தம், யூனானி, தேசிய வைத்தியம் ஆகிய துறைகளும் அடங்குகின்றன. ஆகவே பதிவுபெற்ற வைத்தியரிடமே கசாயமோ செந்தூரமோ பெறுங்கள். அவரிடம் போகும்போது எண்ணெய்ப் போத்தலை மறந்தாலும் பரவாயில்லை, கிளினிக் கொப்பியை மறக்காமல் கொண்டுபோங்கள்.

வணக்கம்.