கூடை சுமந்த எலும்புகள்

நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

மருத்துவ மாணவர்களுக்கு உடற்கூறு கற்பித்த ஆண்டுகளில், கம்பியில் கோத்துத் தொங்கவிட்ட எலும்புக்கூட்டைத்தான் முதல் வகுப்பில் நானும் காட்டியிருக்கிறேன். காட்டிய ஒவ்வொரு முறையும் ஒரு திருத்தத்தைச் சேர்த்துச் சொல்ல வேண்டியிருந்தது. வெளுத்து உலர்ந்து, தட்டினால் மரக்கட்டைபோல் ஒலிக்கும் அந்தப் பொருள் உயிர் போன எலும்பு. நமக்குள் இருக்கும் எலும்பு ஈரமானது. ரத்தக்குழாய்களும் நரம்புகளும் உடையது. அதில் பழையதைக் கரைக்கும் செல்களும் புதியதைக் கட்டும் செல்களும் ஓயாமல் வேலை செய்கின்றன. வளர்ந்த ஒருவரின் எலும்புத் திசுவில் ஏறத்தாழ 10 விழுக்காடு ஆண்டுதோறும் புதிதாகிவிடுகிறது.

எலும்புகளின் வேலையை விளக்க, எங்கள் பாட்டியான ஆயாவைவிடத் தெளிவான சான்று எனக்குக் கிடைத்ததில்லை. விடியும் முன்பே காசிமேட்டுக் கரையில் மீன் எடுத்து, தலையில் சும்மாடு வைத்துக் கூடையைத் தூக்கி, பழைய வண்ணாரப்பேட்டைத் தெருக்களில் நடந்தே விற்றவர் அவர். கூடை தலையில் நேராக அமர்ந்ததும் அதன் எடை மண்டையோட்டிலிருந்து கழுத்தின் 7 முள்ளெலும்புகளுக்கும், அடுத்து முதுகின் 12 எலும்புகளுக்கும், கீழ்முதுகின் 5 எலும்புகளுக்கும் படிப்படியாக இறங்கி, இடுப்புக்கூட்டை அடைந்து, அங்கே இரண்டாகப் பிரிந்து, உடலிலேயே நீளமான தொடை எலும்புகளின் வழியே பாதங்களுக்குப் போய்ச் சேரும். முள்ளெலும்புகளுக்கு இடையிலுள்ள வட்டுகள் ஒவ்வோர் அடியின் அதிர்வையும் வாங்கிக்கொள்ளும். பாதம் ஒவ்வொன்றிலும் 26 எலும்புகள் வில்லாக வளைந்து நிற்பதால்தான், அவ்வளவு சுமையோடும் மேடுபள்ளத்தில் தடுமாறாமல் நடக்க முடிந்தது. நம் உடலின் 206 எலும்புகளில் 106 எலும்புகள் கைகளிலும் பாதங்களிலும் மட்டுமே இருக்கின்றன என்பதை அறிந்தால், நுட்பமான அசைவுக்கு உடல் எவ்வளவு இடம் ஒதுக்கியிருக்கிறது என்பது விளங்கும்.

மண்டையோடு மூளையையும், விலா எலும்புகள் இதயத்தையும் நுரையீரலையும் காப்பது எல்லோரும் அறிந்ததே. எலும்பு மஜ்ஜையில் ரத்த அணுக்கள் உருவாவதையும் பள்ளியில் படித்திருப்பீர்கள்.

அதிகம் பேசப்படாத செய்தி, சுமைக்கு ஏற்ப எலும்பு தன்னை மாற்றிக்கொள்கிறது என்பதுதான். இதை 1892ஆம் ஆண்டில் ஜெர்மானிய அறுவை மருத்துவர் யூலியஸ் வோல்ஃப் விரிவாக எழுதினார். எடை தாங்கும் எலும்பு உறுதிப்படுகிறது. வேலை இல்லாத எலும்பு மெலிகிறது. எடையை உணராத விண்வெளியில் தங்கும் வீரர்களுக்கு, இடுப்பு போன்ற பகுதிகளில் மாதந்தோறும் 1 விழுக்காட்டுக்கும் மேல் எலும்பு குறைவது இதனால்தான்.

அப்படியானால், வாழ்நாளெல்லாம் சுமந்த ஆயாவின் எலும்பு முதுமையில் ஏன் முறிந்தது? ஈரமான குளியலறையில் ஒரு சிறு சறுக்கல்தான். ‘இடுப்பு ஒடிந்துவிட்டது’ என்று வீட்டில் சொன்னார்கள். உண்மையில் ஒடிந்தது தொடை எலும்பின் கழுத்துப் பகுதி. அங்கே ரத்த ஓட்டம் எளிதில் தடைப்படுவதால் அம்முறிவு கூடுவது கடினம். அந்தக் கேள்விதான் என்னை எலும்பின் இன்னொரு பணிக்குக் கொண்டுசென்றது.

உடலின் கால்சியத்தில் 99 விழுக்காடு எலும்புகளிலும் பற்களிலும் இருக்கிறது. மிச்சமுள்ள சிறு பங்கு இல்லாமல் இதயம் துடிக்காது, தசை சுருங்காது, ரத்தம் உறையாது. ரத்தத்தில் அதன் அளவு சற்றே குறைந்தாலும், கழுத்திலுள்ள பாராதைராய்டு சுரப்பிகள் உணர்ந்து, எலும்பிலிருந்து கால்சியத்தை எடுக்கச் செய்கின்றன. எலும்பு தேய்ந்தாலும் இதயம் நிற்கக் கூடாது என்பதே உடலின் கணக்கு. தாய்ப்பால் கொடுக்கும் மாதங்களிலும் தாயின் எலும்பிலிருந்து கால்சியம் போகிறது. குழந்தை பால் மறந்தபின் அது பெரும்பாலும் மீள்கிறது. ஆனால், மாதவிடாய் நின்றபின் ஈஸ்ட்ரோஜன் என்னும் பெண் ஹார்மோன் குறைவதால், கட்டும் வேகத்தைக் கரைக்கும் வேகம் மிஞ்சிவிடுகிறது. வலியில்லாமல் நடக்கும் இந்த இழப்பு, பலருக்கு முதல் முறிவின்போதுதான் தெரியவருகிறது. ஆயாவுக்கும் அப்படித்தான் தெரிந்தது.

எலும்பில் சேரும் கால்சியத்தின் இருப்பு ஏறத்தாழ 30 வயதுக்குள் உச்சத்தை அடைகிறது. ஆகவே வீட்டிலுள்ள பெண்பிள்ளைகளின் தட்டைத்தான் முதலில் பார்க்க வேண்டும். முள்ளோடு மென்று தின்னும் நெத்திலி நல்ல கால்சியம் தரும். ஆடி மாதத்தில் ராயபுரம் முதல் திருவொற்றியூர் வரை அம்மன் கோயில்களில் ஊற்றும் கேழ்வரகுக் கூழை, மற்ற மாதங்களில் நாம் மறந்துவிடுவது எனக்கு வருத்தமே. 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கும் மேல் கால்சியம் உண்டு. தீட்டிய அரிசியில் 10 மில்லிகிராம் அளவே இருக்கும். உண்ட கால்சியத்தைக் குடல் நன்கு ஏற்க வைட்டமின் டி வேண்டும். அதைத் தோல் வெயிலில் உருவாக்கிக்கொள்கிறது.

ஐம்பதைக் கடந்த பெண்கள், சிறு சறுக்கலிலேயே கையோ மணிக்கட்டோ முறிந்திருந்தால், மாவுக்கட்டைப் பிரித்ததோடு விட்டுவிடாமல் எலும்பின் அடர்த்தியைப் பரிசோதிப்பது பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். குளியலறைத் தரையில் பாசி படியாமலும், இரவில் அங்கே விளக்கு எரியும்படியும் பார்த்துக்கொள்ளுங்கள்.

நன்றி, வணக்கம்.