ஜனாஸாவைப் புதைத்தால் கிணற்றுக்குள் கொரோனா வருமா? இலங்கையில் 11 மாதம் நடந்தது

வணக்கம் மக்களே! உடலைக் குழிக்குள்ள வச்சு மண் போட்டா, பக்கத்துக் கிணத்துத் தண்ணில கொரோனா வந்துடுமா? வரும்னு சொல்லித்தான் இலங்கை அரசு 11 மாசம், கொரோனாவுல இறந்த முஸ்லிம்களோட ஜனாஸாக்களை, அதாவது உடல்களை, எரிச்சுது. பிறந்து 20 நாளான ஒரு பச்சைக் குழந்தையையும், பெற்றோர் சம்மதம் இல்லாமலே.

பின்னணி சுருக்கமா. 2019 ஈஸ்டர் குண்டுவெடிப்புக்கு அப்புறம் முஸ்லிம்கள் மேல வெறுப்புப் பேச்சு கொதிச்சுக்கிட்டே இருந்துச்சு. கொரோனா வந்ததும் பழி அவங்க மேலயே விழுந்துச்சு. 2020 மார்ச் 31-ல சுகாதார அமைச்சு வழிகாட்டலை மாத்துச்சு, எரிக்க மட்டும்தான் முடியும்னு. ஏப்ரல் 11-ல வர்த்தமானி, அதாவது அரசிதழ் அறிவிப்பு: கொரோனாவுல இறந்த யாரா இருந்தாலும் எரிக்கணும், 800 முதல் 1200 டிகிரி செல்சியஸ்ல, குறைஞ்சது 45 நிமிஷம்.

இப்ப அந்த நிலத்தடி நீர்க் கதைக்கு வருவோம். இதை நிதானமாப் பாக்கணும், ஏன்னா எல்லாமே இதுமேலதான் நின்னுச்சு.

[திரையில்: நிலத்தின் குறுக்குவெட்டு. குழி, மண் அடுக்கு, கீழே நீர்மட்டம்]

வைரஸ் பெருகணும்னா உயிருள்ள செல் வேணும். ஆள் இறந்ததும் அந்த வசதி போயிடுது. அதுமட்டுமில்ல, கொரோனா வைரஸுக்கு வெளிய ஒரு கொழுப்பு உறை. சவர்க்காரம் பட்டாலே அது உடைஞ்சிடும், அதனாலதானே கை கழுவச் சொன்னாங்க? நீர் புகாத உறையில சுத்தி ஆறடி ஆழத்துல வச்ச உடல்லேருந்து, அது மண்ணு முழுக்கக் கடந்து, உயிரோட கிணத்துக்கு வந்து சேரணும். ஹொங்கொங்கில் வேலை செய்யற இலங்கை வைரஸ் நிபுணர் மலிக் பீரிஸ் வெளிப்படையாவே சொன்னார், இது தண்ணீர்ல பரவுற நோய் இல்லைன்னு. உலக சுகாதார நிறுவனமும் 2020 மார்ச் 24-லயே எழுதிடுச்சு: தொற்றுநோயில இறந்தவங்களை எரிச்சே ஆகணும்ங்கறது பொய், புதைக்கலாம், எரிக்கலாம். வர்த்தமானிக்கு 18 நாள் முன்னாடி!

எனக்கு இதுல மிகப் பலமாத் தெரியுற கேள்வி ஒன்னு இருக்கு. உயிரோட இருந்த ஆயிரக்கணக்கான நோயாளிகளோட மலசலம் எங்க போச்சு? இலங்கையில எத்தனையோ வீடுகள்ல அது போறது குழிக் கக்கூசுக்கு, அதாவது நேரா மண்ணுக்கு. அதுக்கு யாரும் தடை போடலை. பயம் தண்ணியப் பத்தினதா இருந்தா முதல்ல அங்கதானே கை வச்சிருக்கணும்? உங்க குடும்ப வாட்ஸ்அப் குழுவுல இப்படி ஒரு பேச்சு வந்தா, இதே மாதிரி கேளுங்க: சொல்ற ஆபத்து வேற எந்த வழியில எல்லாம் வரும், அங்க ஏன் விதி இல்லை? "நீ இனவாதி"ன்னு ஆரம்பிச்சா சண்டைதான் வரும், பதில் வராது.

எதிர்த்தவங்க யாரு? உயர் நீதிமன்றத்துக்கு (இலங்கையில அதுதான் உச்ச நீதிமன்றம்) போன மனுக்களை 2020 டிசம்பர் 1-ல தள்ளுபடி பண்ணிட்டாங்க. அந்தக் குழந்தையை எரிச்சதும் மக்கள் கொழும்பு பொரளை மயானக் கதவுலயும் வேலியிலயும் வெள்ளைத் துணி கட்டினாங்க. ஜனாஸாவைச் சுத்துற கஃபன் துணியோட நிறம். அதிகாரிகள் அவிழ்த்தாங்க. வேற ஊர்கள்ல, வேற வேலிகள்ல மறுபடி கட்டினாங்க. 2021 பெப்ரவரியில கிழக்குல இருக்கற பொத்துவிலிலிருந்து வடக்குல இருக்கற பொலிகண்டி வரைக்கும் நடந்த பேரணியில தமிழர்களும் முஸ்லிம்களும் சேர்ந்து நடந்தாங்க, கட்டாய எரிப்பை நிறுத்தணும்ங்கறதும் அதோட கோரிக்கை. இந்தக் காட்சியை அதிகம் பேர் பார்க்கலை, தயவுசெஞ்சு தேடிப் பாருங்க.

பெப்ரவரி 25-ல புது வர்த்தமானி வந்து, புதைக்க அனுமதி. ஆனா எங்க? முதல்ல இரணைதீவுன்னாங்க. போரால இடம்பெயர்ந்து, போராடித் தங்கள் நிலத்துக்குத் திரும்பின மீனவத் தமிழர்களோட தீவு அது. கேக்காமலே அவங்க தலையில கட்டப் பாத்தாங்க. அவங்க எதிர்த்ததும் மட்டக்களப்பு மாவட்டத்துல ஓட்டமாவடி. மார்ச் 5-ல அங்க முதல் அடக்கம்.

2024 ஜூலையில இலங்கை அமைச்சரவை மன்னிப்புக் கேட்டுச்சு. அப்ப வந்த ஆய்வு முடிவு என்ன தெரியுமா? வைரஸ் தண்ணியில சேர்றது முக்கியமா மலம், சிறுநீர் வழியா. பாதுகாப்பாப் புதைச்ச உடல்களால இல்ல.