சங்கத்தில் சேரலாமா? மெக்கானிக்கல் கான்ட்ராக்டருக்கு ஒரு விளக்கம்

[திரையில்: பாதி நிரப்பிய டெண்டர் படிவம். ஒரு கட்டம் மட்டும் காலி.]

வணக்கம். டெண்டர் படிவம் நிரப்பிக்கொண்டே வருகிறீர்கள். லைசென்ஸ் எண் எழுதியாகிவிட்டது. இன்ஷூரன்ஸ் நகல் இணைத்தாகிவிட்டது. முடித்த வேலைகளின் பட்டியலும் தயார். அப்புறம் ஒரு கட்டம் வருகிறது: "எந்தத் தொழில் அமைப்பில் உறுப்பினர்?" பேனா அங்கே நின்றுவிடுகிறது.

நிறையப் பேர் சங்கத்தைப் பற்றி முதன்முதலாக யோசிப்பது இந்த இடத்தில்தான். நானும் அப்படித்தான். அந்தக் கட்டத்தை நிரப்புவதற்காகவே சேர்ந்தேன். சான்றிதழுக்குச் சட்டம் போட்டு ஆபீஸ் சுவரில் மாட்டினேன். இரண்டு வருடம் அதோடு சரி, ஒரு கூட்டத்துக்கும் போகவில்லை. "சந்தா கட்டுவதெல்லாம் தண்டம்" என்று நாலு பேரிடம் சொல்லிக்கொண்டும் இருந்தேன். அந்தப் பேச்சு எப்போது நின்றது என்பதைக் கொஞ்ச நேரத்தில் சொல்கிறேன்.

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். தமிழில் சங்கம் என்றதும் கொடியும் கோஷமும்தான் கண்ணில் வரும். அது தொழிற்சங்கம், தொழிலாளர்களுடையது. நாம் பேசப்போவது வேலையை எடுத்துச் செய்யும் கம்பெனிகள் சேர்ந்து நடத்தும் சங்கம். சில்லர் (தண்ணீரைக் குளிரவைக்கும் இயந்திரம்), பாய்லர், பம்ப், பைப், டக்ட் (காற்று போகும் தகட்டுக் குழல்) என்று ஒரு கட்டடத்துக்குள் நீரும் காற்றும் நீராவியும் ஓடுவதற்கான வேலையைச் செய்கிறவர்கள் மெக்கானிக்கல் கான்ட்ராக்டர்கள். அவர்களுடைய சங்கம்.

மூன்றாவதாக ஒரு வகை உண்டு: இன்ஜினியர்களின் அமைப்பு. ஏர்கண்டிஷனிங், ஹீட்டிங் துறை இன்ஜினியர்களின் ஆஷ்ரே அப்படிப்பட்டது. 1894-ல் தொடங்கிய ஓர் அமைப்பில் அதன் வேர் இருக்கிறது. அதில் சேர்வது தனி ஆள், கம்பெனி கிடையாது. உங்கள் இன்ஜினியர் ஆஷ்ரே உறுப்பினராக இருப்பதும், உங்கள் கம்பெனி கான்ட்ராக்டர் சங்கத்தில் இருப்பதும் வேறு வேறு. படிவத்தில் இதை மாற்றி எழுதிவிட்டு விளக்கக் கடிதம் கொடுத்தவர்களை எனக்குத் தெரியும்.

[திரையில்: மேஜை மேல் ஒரு ஃபிளாஞ்ச். கேமரா போல்ட் ஓட்டைகளை நெருங்குகிறது.]

சரி, இந்தச் சங்கங்கள் எதற்கு வந்தன? அதற்கு இந்த ஃபிளாஞ்சைப் பாருங்கள், பைப்பையும் வால்வையும் போல்ட் போட்டு இணைக்கும் வட்டத் தகடு இது. ஓட்டைகளை எண்ணுங்கள், எட்டு. இன்னும் பெரிய அளவில் 12 இருக்கும், அதற்கும் மேலே 16, 20. சின்னதில் 4. எல்லாமே நாலின் மடங்கு. ஏன் ஆறோ பத்தோ இல்லை? நாலின் மடங்காக இருந்தால்தான் வால்வைக் கால் சுற்று திருப்பி வைத்தாலும் ஓட்டைக்கு ஓட்டை சேரும். ஹேண்டில் மேலே வேண்டுமா, பக்கவாட்டில் வேண்டுமா, சைட்டில் நின்று முடிவு செய்துகொள்ளலாம். இன்னொன்றையும் கவனியுங்கள். நடுக்கோட்டின் மேல் எந்த ஓட்டையும் உட்காராது. கோட்டுக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என்று விலகித்தான் நிற்கும்.

இதெல்லாம் தானாக வந்துவிடவில்லை. அமெரிக்காவில் 1894-ல் மூன்று தரப்பினர் ஒன்றாக உட்கார்ந்து ஃபிளாஞ்ச் அளவுகளுக்கு ஓர் அட்டவணை போட்டார்கள். மெக்கானிக்கல் இன்ஜினியர்களின் குழு ஒன்று, வால்வு தயாரிப்பாளர்கள் ஒரு பக்கம், மூன்றாவது தரப்பு நீராவிக் குழாய் வேலை எடுத்துச் செய்த கான்ட்ராக்டர்களின் சங்கம். அந்தச் சங்கம் 1889-ல் ஆரம்பித்தது. இன்றைக்கு எம்.சி.ஏ.ஏ. என்று அழைக்கப்படும் அமெரிக்க மெக்கானிக்கல் கான்ட்ராக்டர்கள் சங்கம் அதன் தொடர்ச்சிதான்.

டக்ட் வேலைக்கும் இதே கதைதான். தகடு வேலைக் கான்ட்ராக்டர்கள் 1943-ல் ஸ்மாக்னா என்ற சங்கத்தை அமைத்தார்கள். டக்டுக்குள் இவ்வளவு அழுத்தம், டக்ட் இவ்வளவு அகலம் என்றால் தகடு எவ்வளவு தடிமன், எத்தனை அடிக்கு ஒரு ஸ்டிஃப்னர் (தகடு வளையாமல் தாங்கும் சட்டம்) என்று அவர்களுடைய தரநூலில் அட்டவணை அட்டவணையாக இருக்கும். டக்ட் அழுத்தத்தை, அது தண்ணீரை எத்தனை அங்குலம் உயர்த்தும் என்று அளப்பார்கள்; அட்டவணை அரை அங்குலத்தில் தொடங்கி 10 அங்குலம் வரை போகும். உலகம் முழுக்க டெண்டர்களில் "ஸ்மாக்னா படி" என்று ஒரு வரி வருகிறதே, அது தகடு வளைத்துப் பிழைத்தவர்களிடமிருந்து வந்தது. 1971-ல் இந்த இரண்டு சங்கங்களும் சேர்ந்து நெப் என்ற அமைப்பை உருவாக்கின. காற்றும் நீரும் கணக்குப்படி ஓடுகிறதா என்று அளந்து சரிசெய்கிறவர்களுக்கு அது சான்று கொடுக்கிறது.

இங்கே நியாயமான ஒரு கேள்வி வரும். தரநூலைக் காசு கொடுத்தால் யார் வேண்டுமானாலும் வாங்கலாமே, அதற்கு எதற்கு உறுப்பினர் ஆகவேண்டும்? உண்மைதான். புத்தகத்துக்காக மட்டும் என்றால் சேரவேண்டாம். உறுப்பினர் விலையில் மிச்சமாகும் தொகையைவிடச் சந்தா அதிகமாகவே இருக்கும்.

[திரையில்: ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே கேபிள் ட்ரே, ஸ்பிரிங்க்ளர் பைப், டக்ட். எல்லாம் ஒரே இடத்தில் நெருக்கியடித்து நிற்கின்றன.]

இப்போது என் கதைக்கு வருகிறேன். ஒரு பெரிய கட்டடத்தில் சில்டு வாட்டர், அதாவது ஏ.சி.க்கான குளிர்நீர், பைப் வேலை. எங்களுக்குக் கொடுத்த மாடியில் எங்களுக்கு முன்னாலேயே கேபிள் ட்ரே ஆட்கள், சீலிங் ஃபிரேம் ஆட்கள், பெயின்டர்கள் எல்லோரும் நிற்கிறார்கள். என் ஃபிட்டர்கள் ஏணி போடக்கூட இடமில்லை. வெல்டிங் ஆரம்பித்தால் கீழே நிற்பவர் கத்துகிறார். காலையில் ஒரு மணி நேரம், மாலையில் ஒரு மணி நேரம் சும்மாவே போகிறது. வேலை முடிந்தபோது மணிக்கணக்கு எஸ்டிமேட்டைத் தாண்டி எங்கேயோ போய்விட்டது. கூடுதல் தொகை கேட்டு மெயின் கான்ட்ராக்டருக்கு எழுதினேன். பதில் ஒரே வரியில் வந்தது: ஆதாரம் இருந்தால் அனுப்பவும். என்னிடம் எதுவும் இல்லை. டைரியில் தினமும் நான் எழுதியது வேலைக்கு வந்தவர்களின் எண்ணிக்கை மட்டும்தான்.

அதற்குப் பிறகுதான் சங்கத்தின் கூட்டத்துக்கு முதல் தடவையாகப் போனேன். கோபத்தில் போனேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு மூத்த எஸ்டிமேட்டரிடம் புலம்பினேன். "இதற்குப் பெயரே இருக்கிறதே" என்றார்.

எம்.சி.ஏ.ஏ. வெளியிட்ட ஓர் அட்டவணை இருக்கிறது. சைட்டில் வேலை வேகத்தைக் கெடுக்கும் 16 காரணங்களை வரிசைப்படுத்தி, ஒவ்வொன்றுக்கும் லேசான, நடுத்தரமான, கடுமையான பாதிப்பு என்று மூன்று சதவீதம் கொடுத்திருப்பார்கள். பல தொழிலாட்கள் ஒரே இடத்தில் குவிவது அதில் ஒரு காரணம். அதற்கு 10, 20, 30 சதவீதம். ஆட்கள் குடிவந்துவிட்ட கட்டடத்தில் வேலை செய்வது இன்னும் மோசம்: 15, 25, 40.

கணக்கைப் பாருங்கள். ஒரு மாடிக்கு 1,000 மனிதமணி (ஓர் ஆள் ஒரு மணி நேரம் செய்வது ஒரு மனிதமணி) போட்டிருக்கிறீர்கள். நடுத்தர நெரிசல் என்றால் 20 சதவீதம், அதாவது 200 மணி கூடுதல். ஐந்து ஃபிட்டர்கள் நாளுக்கு 8 மணி நேரம் வேலை செய்தால் நாளுக்கு 40 மணி. ஆக ஐந்து முழு நாள் காற்றில் போகிறது. இது ஒரே ஒரு மாடிக்கு.

இந்த அட்டவணையைத் தூக்கிக்கொண்டு போய்ப் பணம் கேட்டால் கொடுத்துவிடுவார்களா? மாட்டார்கள். 16 வரியிலும் டிக் அடித்துக் கூட்டிக்கொண்டு போனால் சிரிப்பார்கள். வேலை நடக்கும்போதே, எந்தத் தேதியில், எந்த இடத்தில், யார் நின்றார்கள், நம் ஆட்கள் எவ்வளவு நேரம் காத்திருந்தார்கள் என்று குறிப்பும் போட்டோவும் கடிதமும் இருந்தால்தான் அந்தச் சதவீதத்துக்கு உயிர் வரும். அந்த மூத்தவர் எனக்குக் கொடுத்தது அட்டவணையை மட்டும் இல்லை. அவருடைய சைட் ரிப்போர்ட் தாளின் வடிவத்தையும் கொடுத்தார். ஆள் எண்ணிக்கைக்குக் கீழே ஒரே ஒரு கட்டம் கூடுதலாக இருந்தது: "இன்று நம்மைத் தடுத்தது எது?" ஃபோர்மேன் வீட்டுக்குக் கிளம்பும் முன் அதை நிரப்பவேண்டும், அவ்வளவுதான். சந்தா தண்டம் என்று நான் பேசியது அன்றோடு நின்றது.

[திரையில்: விண்ணப்பப் படிவம்.]

விண்ணப்பத்துக்கு வரலாம். பொதுவாகக் கேட்பவை: எத்தனை வருடமாகத் தொழிலில் இருக்கிறீர்கள், லைசென்ஸ், இன்ஷூரன்ஸ், விபத்துப் பதிவு, உங்களை அறிந்த இரண்டு உறுப்பினர்களின் பரிந்துரை. பல சங்கங்களில் முழு உறுப்பினர், துணை உறுப்பினர் என்று பிரிவு இருக்கும். வேலை எடுத்துச் செய்கிறவர் முழு உறுப்பினர். பம்ப், வால்வு, இன்சுலேஷன் விற்கிறவர் துணை உறுப்பினர். ஓட்டு பெரும்பாலும் முதல் பிரிவுக்குத்தான். சந்தா பல இடங்களில் வருட வியாபாரத்தை வைத்துப் படிப்படியாக ஏறும். சந்தாவைக் குறைக்க வியாபாரத்தைக் குறைத்து எழுதுகிறவர்கள் உண்டு. அதே வருடம் டெண்டரில் கூட்டி எழுதியிருப்பார்கள். இரண்டு தாளும் ஒரே ஆளின் கையில் சேரும் நாள் வந்தால் சங்கடம்தான்.

இவ்வளவும் சுலபம். விதிமுறைப் புத்தகம்தான் கஷ்டம், அதை யாரும் படிப்பதில்லை. தயவுசெய்து படியுங்கள். முக்கியமாக ஒரு விஷயம்: உங்கள் சார்பாகத் தொழிற்சங்கத்தோடு கூலிப் பேச்சுவார்த்தை நடத்தும் உரிமையைச் சங்கத்துக்கு எழுதிக்கொடுக்கிறீர்களா? சில நாடுகளில் அது வழக்கம். அமெரிக்காவில் அப்படி எழுதிக்கொடுத்துவிட்டால், பேச்சுவார்த்தை தொடங்கியபின் நினைத்த நேரத்தில் விலக முடியாது. தொடங்கும் முன்பே எழுத்தில் தெரிவித்திருக்கவேண்டும். பல கம்பெனிகள் சேர்ந்து நடத்தும் பென்ஷன் நிதியில் பங்களித்துவிட்டுப் பாதியில் வெளியே வந்தால், 1980-ல் வந்த சட்டப்படி அந்த நிதியின் பற்றாக்குறையில் ஒரு பங்கை நீங்கள் கட்ட வேண்டிவரலாம். உங்கள் நாட்டில் எப்படி என்று கையெழுத்துக்கு முன்னால் ஒரு வக்கீலிடம் கேட்டுவிடுங்கள். அந்த ஃபீஸ் வீண் போகாது.

[திரையில்: கூட்ட அறை. மேஜையைச் சுற்றிப் பத்துப் பேர்.]

அடுத்தது ஆபத்தான விஷயம். ஒரே தொழிலில் போட்டி போடுகிறவர்கள் ஒரே மேஜையில் உட்காருகிறீர்கள். டீ வரும் நேரத்தில் ஒருவர் குரலைத் தாழ்த்துவார்: "அந்த ஆஸ்பத்திரி வேலையை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள், அடுத்தது எனக்கு." அல்லது, "யாரும் இந்த ரேட்டுக்குக் கீழே போகவேண்டாம்." அல்லது, "அந்த சப்ளையரிடம் நாம் யாருமே வாங்கக்கூடாது." இவை பல நாடுகளில் சட்டப்படி குற்றம். அமெரிக்காவில் இதற்கான ஷெர்மன் சட்டம் 1890-லேயே வந்துவிட்டது. நான் பேசவில்லை, கேட்டுக்கொண்டுதான் இருந்தேன் என்பது நல்ல சாக்கு இல்லை. எழுந்து வெளியே போங்கள். போனதைக் கூட்டக் குறிப்பில் பதியச் சொல்லுங்கள். ஒழுங்கான சங்கத்தில் கூட்டத்துக்கு முன்னாலேயே எதைப் பேசலாம் என்ற பட்டியல் கையில் வந்துவிடும். அப்படி ஒன்று இல்லாத சங்கமாக இருந்தால் சேருவதற்கு முன் இரண்டு முறை யோசியுங்கள்.

விலை பேசினால்தான் தப்பு என்றும் நினைக்கவேண்டாம். பாய்லரில் தண்ணீர் குறைந்தால் எரிபொருளை நிறுத்தும் கருவியை ஹைட்ரோலெவல் என்ற சின்ன நிறுவனம் செய்தது. அதில் சிறிது தாமதம் வைத்திருந்தார்கள். அமெரிக்க மெக்கானிக்கல் இன்ஜினியர்கள் அமைப்பில் பாய்லர் விதிகளைப் பார்த்துக்கொள்ளும் துணைக்குழுவில் போட்டி நிறுவனத்தின் அதிகாரி ஒருவர் இருந்தார். அந்தப் போட்டி நிறுவனம் அமைப்புக்கு ஒரு கேள்விக் கடிதம் அனுப்பியது. அந்தக் கருவி பாதுகாப்பில்லை என்று அர்த்தம் வரும்படி ஒரு பதில் போனது. விற்பனையாளர்கள் அந்தப் பதிலைக் கையில் வைத்துக்கொண்டு வாடிக்கையாளர்களைத் திருப்பினார்கள். 1982-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அந்த அமைப்பே பொறுப்பு என்று தீர்ப்புச் சொன்னது. குழுவில் உட்காரும்போது உங்கள் கம்பெனி லாபம் சம்பந்தப்பட்ட விஷயம் வந்தால், அதை முதலிலேயே சொல்லிவிட்டு ஒதுங்கி உட்காருங்கள்.

சின்ன கம்பெனிக்கு இதெல்லாம் தேவையா என்று கேட்பவர்கள் உண்டு. பெரிய கம்பெனிகள்தான் சங்கத்தை நடத்தும் என்பது பல இடங்களில் உண்மை. ஆனால் பெரிய கம்பெனியில் பாதுகாப்பு அதிகாரி தனியாக இருக்கிறார், எஸ்டிமேஷன் பிரிவு தனியாக இருக்கிறது. பத்துப் பேர் வைத்து நடத்துகிறவருக்கு அது எதுவும் இல்லை. காலையில் வேலைக்கு முன் ஐந்து நிமிடம் படித்துக்காட்டும் பாதுகாப்புக் குறிப்புகூட அவரேதான் எழுதவேண்டும். அது சங்கத்தில் தயாராகவே கிடைக்கும். தொழில் தொடங்கி ஒரு வருடம்கூட ஆகவில்லை, இரண்டு ஃபிட்டரும் ஒரு வெல்டரும்தான் என்றால் அவசரப்படவேண்டாம். விருந்தாளியாக இரண்டு கூட்டத்துக்குப் போய்ப் பாருங்கள். பெரும்பாலும் விடுவார்கள்.

சேர்ந்தபின் நீங்கள் மட்டும் போகாதீர்கள். எஸ்டிமேட்டரை ஒரு தடவை அனுப்புங்கள், ஃபோர்மேனை ஒரு தடவை. முதலாளிகள் கூட்டத்தில் கைகுலுக்கிவிட்டு வருவார்கள். ஃபோர்மேன் வரும்போது பக்கத்து சைட்டில் ஹைட்ரோ டெஸ்ட் (பைப்பில் தண்ணீரை அழுத்திக் கசிவு பார்ப்பது) எப்படிச் செய்கிறார்கள் என்று தெரிந்துகொண்டு வருவார்.

[திரையில்: விண்ணப்பத்தின் கடைசிப் பக்கம்.]

கடைசிப் பக்கத்தில் ஒரு கேள்வி இருக்கும்: "எந்தக் குழுவில் பணியாற்ற விருப்பம்?" முதல் தடவை நான் அதில் ஒரு கோடு போட்டுவிட்டேன். புதுப்பிக்கும்போது "பாதுகாப்பு" என்று எழுதினேன். பத்து நாளில் போன் வந்தது. அடுத்த கூட்டத்துக்கு வரும்போது உங்கள் சைட் ரிப்போர்ட் தாள் ஒன்றைக் கொண்டுவர முடியுமா என்று கேட்டார்கள்.