ஆல்ப் துயேஸ் வளைவுகளில் யார் பெயர்?

நடுவர் அவர்களே, அவையில் கூடியிருக்கும் பெரியோர்களே, எங்களோடு மல்லுக்கு நிற்கும் எதிரணி நண்பர்களே, வணக்கம்.

"சைக்கிள் தொடர் பந்தயத்தில் ஒரு வீரருக்குப் பெருமை சேர்ப்பது ஸ்டேஜ் வெற்றியா, மொத்தப் பட்டியலில் பிடிக்கும் இடமா?" இதுதான் தலைப்பு. ஸ்டேஜ் என்றால் பல நாள் நடக்கும் பந்தயத்தில் ஒரு நாள் ஓட்டம்; எல்லா நாள் நேரத்தையும் கூட்டிப் போடும் வரிசைதான் மொத்தப் பட்டியல். ஸ்டேஜ் வெற்றியே என்று பேச வந்திருக்கிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன். மூன்று வாரம் நடக்கும் டூர் டி பிரான்ஸ் பந்தயத்தில் 21 ஸ்டேஜ்களையும் குறைந்த மொத்த நேரத்தில் முடித்து, முன்னணியில் இருப்பவர் அணியும் மஞ்சள் ஜெர்சியோடு போகிறாரே, அந்த முதல் ஆளோடு எங்களுக்குச் சண்டை கிடையாது. தலைப்பில் இருப்பது 'இடம்'. ஐந்தாவது, எட்டாவது, பதினோராவது இடங்கள். எதிரணியினர் வந்ததிலிருந்து மஞ்சள் ஜெர்சிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டே பேசுகிறார்கள். கொஞ்சம் வெளியே வாருங்கள் ஐயா, எட்டாவது இடத்தைப் பற்றிப் பேசுவோம்.

எனக்கு முன் பேசிய தோழர், "முயலைத் தைத்த அம்பைவிட யானையைக் குறிவைத்துத் தவறிய வேலே இனிது" என்று சொல்லிக் கைதட்டல் வாங்கிவிட்டுப் போனார். நானும்தான் தட்டினேன். ஆனால் நடுவர் அவர்களே, இதில் யானை எது? டூரில் சுமார் 180 பேர் கிளம்புகிறார்கள். ஒரு நாளில் வெல்லப்போவது ஒரே ஒருவர். ஓய்வு பெறும்வரை டூரில் ஒரு ஸ்டேஜ்கூட வெல்லாதவர்கள்தான் அதிகம். எட்டாவது இடத்தைக் காப்பாற்றுகிறவர் எந்த யானை மீது வேல் எறிந்தார்? முன்னால் போகிறவரின் பின் சக்கரத்தில் ஒட்டிக்கொண்டு, காற்றை அவர் வாங்கட்டும் என்று மூன்று வாரம் ஓட்டியிருக்கிறார். கூட்டத்துக்குள் இருந்தால் காற்றின் தடை வெகுவாகக் குறையும், கால் வலு மிச்சமாகும். இதைத் தப்பென்று சொல்லவில்லை. வீரம் என்று சொல்லாதீர்கள் என்கிறேன்.

ஸ்டேஜ் வெல்பவரின் நாள் எப்படிப் போகிறது? 2019, ஜூலை 13. மாக்கோனிலிருந்து செயின்ட் எட்டியென் வரை 200 கிலோமீட்டர், வழியெல்லாம் மேடு பள்ளம். பெல்ஜியத்துக்காரர் தாமஸ் டி கெண்ட், கொடி அசைந்த கையோடு கிளம்பினார். கூடச் சேர்ந்த மூவரும் ஒவ்வொருவராகப் பின்தங்கினார்கள். கடைசி ஏற்றத்தில் தனியாள். பின்னால் துரத்தியவர்கள் யார்? பிரெஞ்சு ரசிகர்களின் செல்லப்பிள்ளைகள் அலாஃபிலிப்பும் பினோவும். அவர்களுக்கு ஆறு வினாடி முன்னால் கோட்டைத் தாண்டினார். இந்த டி கெண்ட் மொத்தப் பட்டியலில் வேண்டுமென்றே நேரத்தைத் தொலைத்து வந்தவர். ஏன்? பட்டியலில் மேலே இருப்பவர் பிரேக்அவேயில், அதாவது கூட்டத்தை விட்டு முன்னால் ஓடும் சிறு குழுவில், கிளம்பினால் பெரிய அணிகள் விடமாட்டார்கள். கீழே இருந்தால் 'போகட்டும்' என்று விடுவார்கள். ஆக, எதிரணியினர் தூக்கிப் பிடிக்கும் அந்த இடத்தைத் தூக்கிக் கொடுத்துத்தான் இவர்கள் வெற்றியை வாங்குகிறார்கள்.

இன்னொரு பக்கமும் உண்டு. தங்கள் ஆளின் பத்தாவது இடத்துக்கு ஆபத்து என்றால் மொத்த அணியும் முன்னால் வந்து பிரேக்அவேயைத் துரத்தும். வெல்வதற்காக அல்ல, பத்தாவது ஆள் பதினோராவதாகிவிடக் கூடாதே என்பதற்காக. டிவி முன்னால் உட்கார்ந்திருப்பவர்கள் ஒரு தூக்கம் போட்டு எழலாம்.

ஸ்பெயினின் ஹைமர் சுபெல்டியா ஐந்து முறை டூரில் முதல் பத்துக்குள் வந்தவர். 2003இல் ஐந்தாவது இடம். நல்ல வீரர், மறுக்கவில்லை. ஆனால் டூரில் ஒரு ஸ்டேஜ்கூட வென்றதில்லை. மூன்று வாரமும் கேமராவில் சிக்காமல், கடைசி நாள் பட்டியலில் மட்டும் தென்படுவார் என்பது சைக்கிள் ரசிகர்களின் பழைய கேலி.

சரி, பணத்தைப் பற்றிப் பேசுவோமா? எதிரணியில் கணக்குப் பேசும் நண்பர் ஒருவர் இருக்கிறாரே. மஞ்சள் ஜெர்சிக்கு 5 லட்சம் யூரோ, அது தனி. அண்மை ஆண்டுகளில் ஒரு ஸ்டேஜ் வென்றால் 11,000 யூரோ. மூன்று வாரம் உயிரைக் கொடுத்து எட்டாவது வந்தவருக்கு 7,600. பத்தாவது வந்தவருக்கு 3,800. டூரை நடத்துகிறவர்களே விலைச்சீட்டு ஒட்டி வைத்திருக்கிறார்கள். நாம் எதற்கு அடித்துக்கொள்ள வேண்டும்?

அந்த நண்பர், அணிகளின் தரத்தை முடிவு செய்யும் புள்ளிகளையும் எடுத்து விட்டார். "2022இல் இஸ்ரேல் பிரீமியர் டெக் அணி டூரில் இரண்டு ஸ்டேஜ் வென்றும், அந்த ஆண்டு முடிவில் புள்ளி போதாமல் முதல் தரத்திலிருந்து இறக்கப்பட்டதே" என்றார். உண்மைதான். அடுத்து நடந்ததை மட்டும் விழுங்கிவிட்டார். 2023 முதல் சர்வதேச சைக்கிள் சம்மேளனம் புள்ளிக் கணக்கையே மாற்றியது. டூரை வென்றவருக்கு 1000 என்பது 1300 ஆனது. ஸ்டேஜுக்கு 120 என்பது 210 ஆனது. விகிதத்தில் எது அதிகம் ஏறியது என்று அவரையே கணக்குப் போடச் சொல்லுங்கள். ஸ்டேஜைக் குறைத்து எடைபோட்டுவிட்டோம் என்று சம்மேளனமே ஒப்புக்கொண்ட மாதிரிதானே?

அந்த இரண்டு ஸ்டேஜில் ஒன்று யாருடையது தெரியுமா? கனடாவின் ஹியூகோ ஹூல். அவர் தம்பி பியரிக், 2012இல் ஓடப் போனபோது, குடித்துவிட்டு வண்டி ஓட்டிய ஒருவனால் அடிபட்டு இறந்தான். பத்தாண்டு கழித்து, 31 வயதில், ஃபுவா நகரத்தில் ஹூல் தனியாக வந்து கோட்டைத் தாண்டினார். தாண்டும்போது விரலை வானத்தை நோக்கி நீட்டினார். ஒரு ஸ்டேஜையாவது வென்று தம்பிக்குக் காணிக்கையாக்க வேண்டும் என்பதுதான் அவர் மனதில் இருந்தது. மொத்தத்தில் எத்தனையாவது வந்தார் என்று அன்று அவரிடம் யாராவது கேட்டிருப்பார்களா?

அடுத்து பிரான்ஸின் பழைய வீரர் பூலிடோர். எதிரணியின் பிரம்மாஸ்திரம். "மூன்று முறை இரண்டாவது, ஐந்து முறை மூன்றாவது, ஒரு நாள்கூட மஞ்சள் ஜெர்சி போட்டதில்லை, ஆனாலும் பிரான்ஸே கொண்டாடியது" என்றார்கள். அப்படியா? இடம்தான் அன்பைத் தந்தது என்றால் நெதர்லாந்தின் ஜூட்டமெல்க்கைத் தலையில் தூக்கி வைத்திருக்க வேண்டும். ஆறு முறை இரண்டாவது, 1980இல் முதலிடமும்கூட. அவரை என்ன சொன்னார்கள்? எப்போதும் அந்தக் காலத்து சாம்பியன் எடி மெர்க்ஸின் நிழலிலேயே ஓட்டியதால் வெயில் படாமல் வெளுத்துப்போனார் என்று கிண்டலடித்தார்கள்! பூலிடோர் என்றதும் எல்லோருக்கும் கண் முன்னால் வருவது 1964, புய் தெ தோம் மலை, தன் போட்டியாளர் அங்கெத்திலோடு தோளும் தோளும் உரச ஏறும் படம். அன்றைய ஸ்டேஜை வென்றது ஸ்பெயினின் ஜிமெனெஸ். எதிரணி சொல்வதற்குள் நானே சொல்லிவிடுகிறேன். ஆனால் அது ஒரு மலையில் ஒரு மாலையில் நடந்த மோதல். பட்டியல் அல்ல.

"1990இல் அமெரிக்காவின் கிரெக் லெமாண்ட் ஒரு ஸ்டேஜும் வெல்லாமல் டூரை வென்றாரே" என்றும் ஒரு கேள்வி. வென்றார். ஆனால் லெமாண்ட் பெயரைச் சொன்னால் ரசிகர்கள் பேசுவது 1989ஐ. கடைசி நாள், வெர்சாய்லிலிருந்து பாரிஸுக்கு 24.5 கிலோமீட்டர், தனித்தனி நேர ஓட்டம். மொத்த நேரத்தில் பிரான்ஸின் ஃபின்யோனைவிட 50 வினாடி பின்தங்கிக் கிளம்பியவர், எட்டு வினாடி வித்தியாசத்தில் டூரையே பறித்தார். அன்று அவர் வென்றது என்ன? ஒரு ஸ்டேஜ்! ஃபின்யோனுக்கு அந்த இரண்டாவது இடம் பெருமையா சேர்த்தது? இரண்டு முறை டூரை வென்ற மனிதரை, எட்டு வினாடியில் தோற்றவர் என்று கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

அப்புறம் பிரிட்டனின் மார்க் கேவண்டிஷ். 2024 டூரின் முதல் நாளே வெயிலில் வாந்தி எடுத்து, அணித் தோழர்கள் சுற்றி நின்று கூட்டிவர, நேர வரம்புக்குள் தட்டுத்தடுமாறி வந்து சேர்ந்தார். வயது 39. ஐந்தாம் நாள், செயின்ட் வுல்பாவில் வென்றார். 35ஆவது ஸ்டேஜ். 1975இலிருந்து அசையாமல் நின்ற மெர்க்ஸின் 34 ஸ்டேஜ் சாதனை உடைந்தது. தோற்றவர்களே வந்து கட்டிப்பிடித்தார்கள். மொத்தப் பட்டியலில் அவரைத் தேடினால் நூறைத் தாண்டியும் விரல் கீழே போய்க்கொண்டே இருக்கும்.

அதே 2024இல், இத்தாலியின் டூரின் நகரத்தில் முடிந்த மூன்றாம் ஸ்டேஜை எரித்ரியாவின் பினியம் கிர்மாய் வென்றார். டூர் தொடங்கியது 1903இல். அதில் ஒரு ஸ்டேஜை வென்ற முதல் கறுப்பின ஆப்பிரிக்க வீரர் அவர்தான். எரித்ரியத் தலைநகர் அஸ்மாரா தெருவில் இறங்கிக் கொண்டாடியது. மேலும் இரண்டு ஸ்டேஜ், புள்ளிப் பட்டியலில் முதல்வருக்கான பச்சை ஜெர்சி. மஞ்சள் ஜெர்சிப் போட்டியில் அவர் இல்லவே இல்லை.

மணி அடித்துவிட்டார்கள், ஒரே நிமிடம். டூர் ஏறும் பிரான்ஸின் ஆல்ப் துயேஸ் மலைச்சாலையில் 21 வளைவுகள். ஒவ்வொன்றிலும் ஒரு பலகை, அதில் பெயர். 1952இல் முதலில் வென்ற இத்தாலியின் கொப்பியில் தொடங்கி, மலை உச்சியில் ஸ்டேஜ் வென்றவர்களின் பெயர்கள். வளைவு தீர்ந்துபோனதால் ஒரே பலகையில் இரண்டு பெயர் போட ஆரம்பித்தார்கள். இரண்டாவது பெயருக்கு இடம் தேடினார்களே தவிர, எட்டாவது இடம் பிடித்தவருக்கென்று ஒரு பலகை நடவில்லை.

எனக்குப் பின் பேச வரும் எதிரணி நண்பருக்கு ஒரே ஒரு வேண்டுகோள். 2024இல் மொத்தத்தில் ஏழாவது வந்தவர் பெயரைக் கையில் இருக்கும் சீட்டைப் பார்க்காமல் சொல்லிவிட்டு அவர் பேச்சைத் தொடங்கட்டும். நன்றி, வணக்கம்.